அப்பா பேருக்குப் போட்ட சைபர்

"மழைக்குப் பிடிச்சுக்கறதுன்னு சரியாத்தானே சொன்னேன்? அதுக்கும் சைபரா?"

மயூர் விஹார் பக்கம் போகும் மெட்ரோவின் பெண்கள் பெட்டியில், என் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மகளைக் கேட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். மகள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"படத்தைப் பாத்துக் குடைன்னு பேர் சொல்லணும்மா. அதுதான் டெஸ்ட்."

"அது என்னன்னு எனக்குத் தெரியும்டீ."

"டாக்டரும் அதைத்தான் சொன்னார். மூளைல பொருள் ஒரு இடத்துல இருக்காம், பேர் வேற இடத்துல. நடுவுல இருக்கற ராஸ்தா கொஞ்சம் கொஞ்சமா அழியுதாம்."

"சரி, அதுக்குப் போட்டுக்கட்டும். அப்பா பேருக்குப் போட்ட சைபரை நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீதானே வாயே திறக்காம உட்கார்ந்திருந்தே?"

"கல்யாணமாகி நாப்பது வருஷத்துல அவர் பேரை என்னிக்காவது வாயால சொல்லியிருக்கேனா? யார் கேட்டாலும் எழுதித்தான் காட்டுவேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

மகளின் குரல் தணிந்தது. "அச்சா, இப்ப சொல்லு பாக்கலாம்."

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். யமுனைப் பாலம் வந்து, முடிந்தும் போனது. மகள் ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"தண்டபாணி." எதிர் வரிசைப் பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி மறுபடியும் சொன்னார். "தண்டபாணி!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. இதுவும் ஒருநாள் வராமப் போகும்ல? அதுவரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடப்போறேன். ஸ்டேஷன் வாசல்லதான் நிப்பார். அந்த... ஓடற படியிலேர்ந்தே கூப்பிடறேன் பாரு."