ராசி கெட்ட ரெண்டு பேர்

— இறங்க மாட்டேன்னா இறங்க மாட்டேன், பெரியப்பா.

— அடடா, என்ன வாயாடி நீ! அஞ்சே நிமிஷம். தம்பியைக் கூட்டிக்கிட்டு உள்ள போ, குடைக்காரம்மா கட்டில் பக்கத்துல உக்காரு, உடம்பு எப்படி இருக்குன்னு கேளு, வந்துடு. நான் வேன்லயே இருக்கேன்.

— நோயாளியைப் பாக்கப் போறவங்க பழம் வாங்கிட்டுப் போவாங்க. நீங்க சவப்பெட்டி ஏத்திட்டு வந்திருக்கீங்க.

— துணி போட்டு மூடித்தானே வெச்சிருக்கேன்!

— பெரியப்பா, பெட்டிக்குள்ள யாரு?

— யாருமில்லடா வாண்டு. இன்னும் யாருமில்ல.

— குடைக்காரம்மாவுக்கா? அளவெடுத்தீங்களா?

— கண்ணாலயே எடுத்துருவேன்டா. இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல என்ன கிழிச்சேன் பின்ன? வார்னிஷ்கூட காஞ்சிருச்சு. அந்தம்மாதான் சாகறேன் சாகறேன்னு இழுத்துக்கிட்டே கெடக்கு.

— அதுக்குத்தான் எங்களை உள்ள அனுப்புறீங்களா?

— உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காத கண்ணு. உங்க அப்பாவும் அம்மாவும் படகோட போனாங்க. உங்களைக் கூட்டிட்டுப் போன மாமா மேல கூரை விழுந்துச்சு. அடுத்து அத்தை, மாடிப்படியில வழுக்கி உருண்டுச்சு. நீங்க கால் வெச்ச வீடு வெளங்காதுன்னு ஊரே சொல்லுது. ஒருத்தனும் கிட்ட சேக்கல. ஒண்ணுவிட்ட பெரியப்பா நான்தான் சேத்தேன். ஏன்? என் தொழிலுக்கு உங்க ராசி பொருந்தி வருது!

— நான் பாசத்துலன்னு நெனச்சேன்.

— பாசமும் இருக்குடா வாண்டு.

— எங்க இருக்கு பெரியப்பா? பட்டறையில, மூடி போடாத பெட்டியில எங்களைப் படுக்க வெச்சிருக்கீங்களே, அங்கயா?

— மெத்தை தெச்ச பெட்டிடீ அது! செத்தவன் எவனாவது கொறை சொல்லியிருக்கானா?

— நல்லா கேட்டுக்கோங்க. மாமா வீட்டுக் கூரை நாங்க பொறக்கறதுக்கு முன்னாடியே தொங்கிட்டு இருந்துச்சு. நான் தெனம் கத்துனேன். அவரு ஒழுகற எடத்துல சட்டியை வெச்சுட்டுத் தூங்கினாரு. படியில சோப்புத் தண்ணியை ஊத்தினது அத்தையேதான். படகுல ஓட்டைன்னு தெரிஞ்சும் ஏறினாரு எங்கப்பா. இதுல எங்க ராசி எங்க வந்துச்சு?

— வாய் நீளுது! நீ இறங்கல, நாளைக்கே வாண்டை மலைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்கு அனுப்பிடுவேன். அப்புறம் நீ யாரோ, அவன் யாரோ.

— அக்கா!

— அழாதடா. இங்க வா. பெரியப்பா மடியில ஏறி உக்காரு.

— ஏய், எதுக்கு?

— எங்க ராசி நெசம்னு நீங்கதானே சொல்றீங்க? எங்ககூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கறது யாரு பெரியப்பா? குடைக்காரம்மாவா, நீங்களா?

— அது... அது வேற.

— எப்படி வேற? டேய், கழுத்தைக் கட்டிக்கோ. நல்லா இறுக்கி.

— அக்கா, பெரியப்பா நெஞ்சு டமடமன்னு அடிக்குது!

— எடுறா கையை! தள்ளுடா!

— பயப்படாதீங்க, பெட்டி கையோடதான் இருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் குட்டை. காலை மடக்கினா சரியாப் போயிடும்.

— இறங்குங்க! ரெண்டு பேரும் இறங்குங்க! பட்டறைப் பக்கம் தலைவெச்சுப் படுத்தீங்கன்னா நடக்கறதே வேற!

— தலை வெச்சுப் படுத்ததே உங்க பட்டறையிலதானே. தம்பியைக் கேட்டு இனிமே வர மாட்டீங்களே?

— ஒட்டும் வேணாம், உறவும் வேணாம்! கதவைச் சாத்து!

— போயிட்டாரு அக்கா! பின்னால பெட்டி குதிச்சுக் குதிச்சுப் போகுது.

— போகட்டும், விட்டது தொல்லை. வா, குடைக்காரம்மாவுக்கு வெந்நீராவது வெச்சுக் கொடுப்போம். அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டு நின்னப்போ, ரிப்பேருக்கு வந்த குடையை எடுத்து நமக்குக் கொடுத்தாங்கல்ல.

— நான் வரல.

— ஏன்டா?

— நெசமாவே நம்மாலதான் எல்லாரும் செத்தாங்கன்னா? இவங்க நல்லவங்க, அக்கா.

— லூசு, அவரை மெரட்டத்தான் அப்படிப் பேசினேன்.

— நம்மால இல்லைன்னு உனக்கு நல்லாத் தெரியுமா?

— தெரியாதுடா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக ஒருத்தங்களைத் தனியா கெடந்து சாக விடுவேனா? ராசியாவது மண்ணாவது. தட்டப் போறேன்.

— தட்டாத பொண்ணே, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. எந்திரிச்சு வர எனக்குத் தெம்பில்ல. ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு.

— கேட்டும் எங்களை வரச் சொல்றீங்களா, குடைக்காரம்மா?

— நான் மூணு புருஷனைப் பொதச்சவ. இந்தத் தெருவுல ஒருத்தரும் என் வாசப்படி மிதிக்கறதில்ல. உங்களுக்குப் பயமில்லன்னா உள்ள வாங்க.