வாசல் நாற்காலி

சின்னதா ஒரு கதை சொல்லிடுறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோட கதை. பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க, இது உங்களுக்கும் சேத்துத்தான்.

எங்க பக்கம் ஒரு பட்டாசு ஆலை... ஒருநாள் மத்தியானம் வெடிச்சிருச்சு. யாரு பொழச்சா தெரியுமா? கதவுப் பக்கம் உக்காந்து வேலை பாத்தவங்க. உள்ள இருந்தவங்க... வரல. அதுக்கு மேல நான் சொல்ல வேணாம்.

பொழச்சவங்களுக்கு ஒடம்பு ஆறிருச்சு. மனசு? தட்டு கீழ விழுந்தா நடுங்குறாங்க. சிலருக்கு மாசக்கணக்கா பேச்சே இல்ல, சோறு இறங்கல. மனநல டாக்டர் பெனிட்டா மாத்திரை குடுத்தாங்க. அதோட, 'வாரா வாரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவோம்'னு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாங்க. ஒரு ரூம்ல வட்டமா நாற்காலி போட்டு வச்சாங்க. வந்தாங்களா? வந்தாங்க. வந்து என்ன செஞ்சாங்க? ஆளாளுக்கு நாற்காலியத் தூக்கிட்டு கதவுகிட்டப் போயிட்டாங்க. பஸ் படிக்கட்டு மாதிரி வாசல்ல ஒரே நெரிசல். டாக்டரம்மா கோவிக்கலையே... தன் நாற்காலியையும் தூக்கிட்டுப் போய் அங்கயே உக்காந்தாங்க. அந்தம்மா இருக்குற திசைக்கு நான் ஒரு கும்பிடு போடுறேன்.

கதவை ஒட்டின நாற்காலி குருவையாங்குறவரோடது. எல்லாருக்கும் முன்னாடி வந்து புடிச்சிருவாரு. யாரு சொன்னாலும் நகர மாட்டாரு.

வீரலட்சுமின்னு ஒரு அம்மா மட்டும் ரூமுக்குள்ளயே வரல. வெளிய ஜன்னல் கம்பியப் புடிச்சிட்டு நிப்பாங்க. வீட்டுலயும் வெளி முத்தத்துலதான் படுக்கை, மழை பேஞ்சாலும்.

ஒருநாள் ஜன்னல் வழியாவே சொன்னாங்க. 'எம்மகளுக்கு இது நெறமாசம். பிரசவத்துக்கு நீ உள்ள கூட இருக்கணும்மாங்குறா. அப்பன் இல்லாத புள்ள. கதவு சாத்துன எடத்துக்குள்ள என்னால போக முடியலயே... நானெல்லாம் ஒரு தாயா?'

குருவையா எந்திரிச்சாரு. துண்டால நாற்காலிய ஒரு தட்டு தட்டுனாரு.

'தங்கச்சி, வந்து இதுல உக்காரு.'

'அப்ப நீங்க எங்கண்ணே உக்காருவீக?'

'உள்ள.'

உள்ளயாம்! வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு. ஆனாலும் சுவரோரமாப் போய் உக்காந்துட்டாரு. அதப் பாத்துட்டு அந்தம்மா உள்ள வந்தாங்க, உக்காந்தாங்க, வெடிச்ச நாளுக்கப்புறம் மொதத்தடவையா வாய்விட்டு அழுதாங்க. அதுலருந்து அங்க ஒரு வழக்கம். இன்னைக்கு யாருக்கு ரொம்ப முடியலையோ, வாசல் நாற்காலி அவங்களுக்கு. ஏன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது.

மகளுக்கு வலி வந்துச்சு. நர்சு, 'கூட இருக்குறவங்க சீக்கிரம் வாங்கம்மா, கதவைச் சாத்தணும்'ங்குறாங்க. அந்தம்மாவுக்குக் கால் நகரல. உள்ள புள்ள 'அம்மா'ன்னு கத்துது. திரும்பிப் பாத்தா... சேதி கேட்டு குருவையா வர்றாரு. கையில ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிரசவ ரூம் கதவை ஒட்டிப் போட்டு உக்காந்தாரு.

'கதவைச் சாத்திருவாகண்ணே...'

'சாத்தட்டும். வாசல்ல நான் இருக்கேன். நீ உள்ள போ.'

போனாங்க. கதவைச் சாத்துனாங்க. பேத்தியக் கையில வாங்குனது அந்தம்மாதான்.

இப்ப உங்களக் கேக்குறேன். மனசு ஒடஞ்ச ஒருத்தர் உங்க வீட்டுல இருந்தா என்ன சொல்றீங்க? 'மறந்துரு'... 'தைரியமா இரு'... 'எத்தன நாளைக்கு இதையே நெனச்சிட்டு இருப்ப'... குருவையா இதுல ஒண்ணாவது சொன்னாரா? அவருக்கே இன்னும் பயம் போகல, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அந்த பயத்தோடதான் சுவரோரம் போனாரு, நாற்காலியத் தூக்கிட்டு வந்தாரு. நாலு பேரு உக்காந்து அழுதா என்ன கெடைக்கும்னு கேக்குறீங்களே... இந்த ஆளு கெடைப்பாரு.

அறிவுரை சொல்ல ஊரே இருக்குய்யா. கதவுக்கு வெளிய உக்காரத்தான் ஆள் இல்ல. நீங்க உக்காருவீங்களா?