சுவரைப் பார்த்து ஒரு ஆராய்ச்சி

ஐயோ, பனிஷ்மென்ட் இல்ல சார்! மண்டலத்துக்கே எஜுகேஷன் ஆபீசரு, நீங்களே இப்டி கேக்கலாமா? காவ்யா செவுத்தப் பாத்துகினு உக்காந்திருக்கறது ஆராய்ச்சி சார். ஆந்திரா ஆபீசரா இருந்தாலும் நீங்களும் நகரிப் பக்கந்தானே, தமிழ்லயே சொல்லிடறேன்.

சித்தூர் ட்ரெய்னிங்ல இன்னா சொன்னாங்க? ஒவ்வொரு டீச்சரும் க்ளாஸ்ல ஆராய்ச்சி பண்ணணும், பிள்ளைங்கள ரெண்டு க்ரூப்பா பிரிச்சி, ஒண்ணுக்குப் புது முறை, ஒண்ணுக்குப் பழைய முறை, கடைசில மார்க்கப் பாக்கணும்னாங்க. என் தமிழ் மீடியம் ஸ்கூல்ல மொத்தமே ரெண்டு பேருங்கன்னேன். அப்போ க்ரூப்புக்கு ஒருத்தர், பிரிக்கறது ஈஸின்ட்டாரு ட்ரெய்னிங் குடுத்த சாரு. சிரிக்கவே இல்ல.

அதான், இதோ ஹாசினி, இவ புது முறை. படம், அட்டை, பாட்டு, புளியங்கொட்டை எல்லாம் இவளுக்கு. காவ்யா பழைய முறை. போர்டுல எழுதிப் போட்டு, படிடீன்னு சொல்றதோட சரி. ஆனா ஒரே ரூமு சார். இவளுக்கு நடத்தறத அவ பாத்துட்டா ஆராய்ச்சி கெட்டுப்பூடும்ல? அதான் திருப்பி உக்கார வெச்சேன். காதுல பஞ்சு கூட வெச்சிப் பாத்தேன், எடுத்து எடுத்துப் போட்டுட்டா.

மார்க்கா? தமிழ் டெஸ்ட்ல காவ்யா இருவதுக்குப் பத்தொம்பது. ஹாசினி ரெண்டு. ஆமா சார், வெறும் ரெண்டு. இத எழுதிகினு போயி திருப்பதி மீட்டிங்ல படிச்சேன், ஒரே கைதட்டல். செவுத்தப் பாத்தாதான் படிப்பு ஏறுதுன்னு ஏர்பேடு பக்கம் நாலு ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களையும் திருப்பி உக்கார வெச்சிட்டாங்களாம்.

ரிஜிஸ்டர் எதுக்கு சார் இப்போ? டீ சொல்லட்டா? இல்ல சார், ஹாசினி அட்மிஷன் போட்ட பக்கம்... அது மழைல நனைஞ்சி ஒட்டிகிச்சி.

சரி, சொல்லிடறேன். ஒரே பிள்ளைய வெச்சிகினு ஸ்கூல் நடத்த வுடுவீங்களா? மூடிடுவீங்க. அப்புறம் காவ்யா எங்க போயி தமிழ்ல படிக்கும்? அது கூலிக்காரங்க வூட்டுப் பொண்ணு சார், பஸ்ஸுல அனுப்ப அவங்களால முடியாது.

ஹாசினி என் பொண்ணு. புத்தூர்ல இங்கிலீஷ் மீடியம். அங்க லீவு சொல்லிட்டு இங்க இட்டாறேன். அந்த ரெண்டு மார்க்கு கூட படம் வரைஞ்சதுக்கு நான் போட்டதுதான். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒண்ணும் தெரியாது சார். தமிழ் படிச்சி இன்னா ஆவப்போவுதுன்னு நாந்தான் கத்துக்குடுக்கல.