வாசலில் சிக்காத கத்தி

ஓடிலியா: கிட்ட வராதே! ஆறு தையல்டி யோலாந்தா... என் பெர்லா உள்ளங்கையில ஆறு தையல்! உன் பொண்ணு பண்ண வேலை!

யோலாந்தா: கத்தாத. இது ஆஸ்பத்திரி.

ஓடிலியா: கத்துவேன்! உன் கடையில தோர்த்தா ரொட்டிக்குள்ள வைக்க வெண்ணெய்ப்பழம் நறுக்குவியே, அந்தக் கத்தி! நீ என்னடான்னா தினம் காலைல பள்ளிக்கூட வாசல்ல நின்னு, கத்தி கித்தி இருக்கான்னு ஊரான் பிள்ளைங்க பையைக் குடையறே!

யோலாந்தா: நீயும்தானே நிக்கறே?

ஓடிலியா: நிக்கறேன். அதுக்கென்ன?

யோலாந்தா: பெத்தவ தன் பிள்ளை பையைத் தொடக்கூடாது. நம்ம பெற்றோர் கமிட்டி போட்ட சட்டம். இன்னிக்கு என் இட்செல் பையை யார் பார்த்தது?

ஓடிலியா: நான்தான் பார்த்தேன். கூட்டம்... கண்ணுல படல.

யோலாந்தா: போன வாரம் ஒருத்தன் காலுறைக்குள்ள ஒத்த சிகரெட் வெச்சிருந்தான். அதை மோப்பம் பிடிச்சவ நீ. ஒரு சாண் கத்தி கண்ணுல படலியா?

ஓடிலியா: அட, என்னையே விசாரிக்கறியா? வெட்டுப்பட்டது என் பொண்ணு!

யோலாந்தா: வெட்டுப்படறதுக்கு முன்னால அவ என்ன பண்ணிட்டிருந்தா? அதையும் சொல்லேன். என் பொண்ணு ஜடையைப் பிடிச்சுச் சுவத்துல...

ஓடிலியா: பிள்ளைங்க விளையாட்டு...

யோலாந்தா: விளையாட்டா! மூணு மாசமா விளையாட்டா? போன மாசம் காது கிழிஞ்சு வந்தா. அவ ஞானஸ்நானத்துக்கு நீ போட்டுவிட்ட தோடு, ஓடிலியா! நீ அவளுக்கு ஞானத்தாய். உன்கிட்டதான் முதல்ல வந்து அழுதேன்.

ஓடிலியா: பெர்லாவைக் கண்டிச்சேன்னு சொன்னேனே...

யோலாந்தா: கண்டிச்சியா?

ஓடிலியா: ...இல்ல. அவ என் பேச்சைக் கேக்கறதில்ல. போதுமா?

யோலாந்தா: தலைமை டீச்சருக்கு மூணு கடிதம் எழுதினேன். மூணு தடவையும் 'சாட்சி இருக்கா?'ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. இப்போ என் இட்செலை அதே தலைமை டீச்சர் அறையிலதான் உக்கார வெச்சிருக்காங்க, போலீஸ்காரன் பக்கத்துல. பதிமூணு வயசு... நாளையிலேர்ந்து எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சேர்க்காது.

ஓடிலியா: அதுக்கு நான் என்ன பண்ண?

யோலாந்தா: குவாதலூப்பே மாதா மேல ஆணையா சொல்லு. கத்தியைப் பார்த்தியா, இல்லையா?

ஓடிலியா: பார்த்தேன்! போதுமா? பார்த்தேன்! தோர்த்தா பொட்டலத்துக்கு மேலயே கிடந்தது. காலை அவசரத்துல நீ சேர்த்துப் போட்டுட்டேன்னு நினைச்சேன். போலீஸ் வண்டி வேற நின்னுட்டிருந்தது... கமிட்டிக்காரி வீட்டுப் பையிலயே கத்தின்னா உன் மானம் என்னாகும்? ஜிப்பை இழுத்து மூடிட்டேன். உனக்காகத்தாண்டி பண்ணேன்!

யோலாந்தா: எனக்காகவா...

ஓடிலியா: பின்னே? அந்தக் கழுதை திட்டம் போட்டு எடுத்து வெச்சிருப்பான்னு நான் கண்டேனா?

யோலாந்தா: அவ வைக்கல. பைக்குள்ள கத்தி இருக்கறதே அவளுக்குத் தெரியாது. பெர்லா அடிக்கறப்போ கைக்கு அகப்பட்டிருக்கு, அவ்வளவுதான்.

ஓடிலியா: அப்போ யார் வெச்சா?

யோலாந்தா: நான் வெச்சேன். வாசல்லயே கத்தி சிக்கினா, 'எதுக்குடி பயந்தே?'ன்னு ஒரு தடவையாவது அவளைக் கேப்பாங்கன்னு வெச்சேன்... நீதான் பார்ப்பேன்னு தெரிஞ்சு, உன் கண்ணுல படட்டும்னுதான் எல்லாத்துக்கும் மேல வெச்சேன்.