தெருச்சீட்டு

தங்கச்சின்னு கூப்பிடுற வேலையெல்லாம் வேணாம் தலைவரே. வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. அந்த நாற்காலிதான், உங்களுக்குப் பழக்கமானதுதானே.

என்ன மனு? நம்ம தெருச் சங்கத்து மனுவா? தெருச்சீட்டை மறுபடி கொண்டு வரணுமா? அதுக்கு என் கையெழுத்தா! நெஞ்சழுத்தம்தான் உங்களுக்கு.

மக்களை ஒண்ணு சேர்த்த ஆட்டம்னு வேற எழுதியிருக்கீங்க. எப்படிச் சேர்த்துச்சுன்னு நான் சொல்லட்டா? மத்த லாட்டரியில சீட்டுக்குப் பரிசு, இதுல தெருவுக்குப் பரிசு. சனிக்கிழமை குலுக்கல்ல ஒரு தெரு பேரு விழும். அந்தத் தெருவுல அத்தனை வீடும் அந்த வாரச் சீட்டு வாங்கியிருக்கணும். எந்தக் கடையிலயும் வாங்கலாம், கடைக்காரன் வீட்டு நம்பரை முத்திரை குத்திக் குடுப்பான். ஒரு வாரத்துக்குள்ள எல்லாச் சீட்டையும் ஒண்ணாக் கட்டிக் குடுத்தா வீட்டுக்கு வீடு பணம். ஒரே ஒரு வீட்டுச் சீட்டு குறைஞ்சாலும் எவனுக்கும் ஒரு பைசா கிடையாது. எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ, பக்கத்து வீட்டுக்காரனையே அடியாளா ஆக்கிட்டான்.

உழைக்காத காசு எங்களுக்கு வேணாம்னேன். அவ்வளவுதானே சொன்னேன்? எங்க வாசல்ல குப்பையைக் கொட்டினீங்க. என் பொண்ணுகூட விளையாடக் கூடாதுன்னு உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. யாரு சொன்னாங்கன்னா கேக்குறீங்க? உங்க சம்சாரம்தான், போய்க் கேளுங்க.

அந்தச் சனிக்கிழமை நம்ம தெரு விழுந்துச்சு. டிவியில பேரு வந்ததும் மொத்தத் தெருவும் எங்க வாசல்ல. என் புருஷன் பட்டறையிலேருந்து ஓடி வர்றாரு, ஜன்னல்லேருந்து பாக்குறேன். சிரிச்சுக்கிட்டே வர்றாரு. இந்த நேரத்துல என்ன சிரிப்புன்னு எனக்கே கோவம். ஏதோ சொல்லத்தான் கையைத் தூக்கினாரு. வாயைத் தொறக்க விட்டீங்களா? அடிக்க வர்றான்னு ஆளாளுக்குத் தள்ளினீங்க. சாக்கடைக் கல்லுல போய் மண்டை மோதிச்சு.

கால் தடுக்கி விழுந்தாரா? சரி சரி, போலீஸ்ல சொன்னதையே என்கிட்டயும் சொல்லுங்க.

மறுநாளே போயிட்டாரு. அப்புறம் இன்னொரு தெருவுல சீட்டு வாங்காதவன் வீட்டைக் கொளுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் அரசாங்கத்துக்கு முழிப்பு வந்து ஆட்டத்தையே மூடினாங்க. அதைத்தான் தொறக்கணும்னு வந்திருக்கீங்க.

அந்த வாரம் முடியற வரைக்கும் தெனம் வந்தீங்களே, துக்கம் கேக்கவா வந்தீங்க? ஒருவேளை அவரு ரகசியமா வாங்கி வெச்சிருப்பாரோ, கொஞ்சம் தேடும்மான்னு ஒரே பாட்டு. பீரோவுல தேடச் சொன்னீங்க, மெத்தைக்கடியில தேடச் சொன்னீங்க. நானும் உங்க கண்ணு முன்னாடியே தேடினேன். கடைசி நாள் தலையில கை வெச்சுக்கிட்டுப் போனீங்க.

வாங்கித்தான் வெச்சிருந்தாரு. எனக்குத் தெரியாம, பட்டறைப் பக்கத்துக் கடையில, வாராவாரம். உங்களுக்குப் பயந்துதான். ஆஸ்பத்திரியில அவரு சட்டையைக் குடுத்தாங்க, பைக்குள்ள இருந்துச்சு, எங்க வீட்டு நம்பரோட. நான் வெளியிலயே எடுக்கல. இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நாற்காலி முதுகுலதான் அந்தச் சட்டையை மாட்டி வெச்சிருந்தேன். தெனம் வந்து அதுமேலதான் சாஞ்சு உக்காந்தீங்க.

என்ன, அதுக்குள்ள எழுந்துட்டீங்க? மனுவை மறந்துட்டுப் போறீங்க தலைவரே.