இரண்டு பொட்டலம் வெள்ளை அரளி

கோழிப்பண்ணை வேலை ஒன்றும் கஷ்டமில்லை, சார். நாற்றம் மூன்று நாளில் பழகிவிடும். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு, மோகனூர் பக்கத்தில் ஒரு பண்ணையில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தேன். முப்பதாயிரம் கோழி. விடிந்ததும் செத்ததைப் பொறுக்கி, பின்பக்கத்துப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு, என் அறைக்குப் போய்த் தூங்குவேன். தினம் பதினைந்து இருபது சாகும். அதற்காக யாரும் அழுவதில்லை.

சௌந்தர்யா என் வகுப்பு. நான் படிப்பை விட்ட பிறகும் என்னோடு பேசியவள் அவள் மட்டும்தான். போன வருடம் அவளுக்குப் பரீட்சை முடிந்து, ஒரு நாள் மதியம் பண்ணைக்கு வந்தாள். கோயம்புத்தூரில் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, இனிமேல் போன் பண்ணாதே என்றாள். கிணற்றுமேட்டில் நின்று பேசினோம். பேச்சு வளர்ந்தது. அவள் உள்ளே விழுந்துவிட்டாள். இப்போதைக்கு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய போன் மேட்டில் கிடந்தது. "நல்லா இருக்கேன், தேடாதீங்க" என்று அவள் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அதையும் கிணற்றில் போட்டேன். யாருடனோ ஓடிவிட்டாள் என்று ஊர் பேசியது. அவள் அம்மா பொன்னாயி மட்டும் நம்பவில்லை. புருஷன் இல்லாதவர், ஒரே பெண். தேடுவதற்கு நான்தான் பைக்கில் கூட்டிப் போனேன். கரூர், திருச்செங்கோடு, திருப்பூர் என்று மில் மில்லாக அலைந்தோம். பெட்ரோலுக்குக்கூட நான் காசு வாங்கவில்லை.

பதினேழாம் நாள் உச்சி வேளையில் சௌந்தர்யா வந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். அறை வாசலில் நின்றாள். தலைமுடியில் வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. வெயிலில் நின்றவளுக்குக் காலடியில் நிழல் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, இது யாரு ஊடுங்க?" என்றாள்.

உயிரோடு இருந்தவரை அவள் என்னை "டேய்" என்றுதான் கூப்பிட்டாள். இப்போது மரியாதை கொடுத்தாள். அதில்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு ஊர், அம்மா, காலேஜ், கிணறு, என் முகம், எதுவும் ஞாபகமில்லை.

"நம்மூடுதான்," என்றேன். "உள்ள வா."

அதன் பிறகு தினமும் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதை கேட்பாள். அவளுக்கு யாரும் இல்லை என்றும், தை மாதம் நமக்குக் கல்யாணம் என்றும் சொல்லிவைத்தேன்.

"எனக்கு உங்களப் புடிச்சிருந்துச்சுங்களா?"

"உசுரா இருந்தே."

"உங்க மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தோணலீங்களே," என்று சிரித்தாள்.

சித்திரை வெயிலில் அந்த அறை கொதிக்கும். அவள் என் நெற்றியில் கை வைத்தால் கிணற்றுக்கல் மாதிரி சில்லென்று இருக்கும். நான் அப்படியே தூங்கிப்போவேன். சாப்பாடு இறங்கவில்லை, எட்டு கிலோ குறைந்தேன். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்பாள். "எம் பேரு என்னங்க? அது தெரிஞ்சா எங்கூட்டுக்குப் போயிருவேனுங்க." தனப்பிரியா என்று ஒரு பேர் வைத்துக் கொடுத்தேன். சொல்லிப் பார்த்தாள். "இது எம்மேல ஒட்டலீங்க," என்றாள்.

ஒரு நாள் பொன்னாயி எனக்குச் சோறு கொண்டுவந்தார். பேச்சின் நடுவே அழ ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற மகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அந்தம்மா யாருங்க? எதுக்கு அழுவறாங்க?" என்று மகள் கேட்டாள்.

அவர் போனதும், "முட்டை வாங்க வந்தவங்க," என்றேன்.

வருடம் திரும்பியது. பொன்னாயி அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்க முடிவு செய்தார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் பெண் உயிரோடு இருக்கிறாள். சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டைக் காக்கும் கன்னிச்சாமி. புதுத்துணி பெட்டியில் வைத்து, மூன்று முறை பேர் சொல்லி வீட்டுக்குள் அழைப்பார்கள். அழைத்தால் அவள் போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

பொட்டலம் கட்டுகிறவர் அந்தக் குடும்பத்து ரத்தமாக இருக்கக் கூடாது. பொன்னாயி என்னைக் கட்டச் சொன்னார். இரண்டிலும் வெள்ளையே வைத்தேன். எடுக்காத பொட்டலத்தை எங்கள் ஊரில் பிரிப்பதில்லை, ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

பூசாரி எடுத்ததில் வெள்ளை வந்தது. பொன்னாயி அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக என் அறைக்கு ஓடிவந்தார். "சாமி, எம்புள்ள உசுரோட இருக்கறா. ஆத்தா சொல்லிப்போட்டா. இனி தெனமும் அவளுக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வெச்சிருவேன்." பிறகு வெளியே வெயிலைப் பார்த்துக் கத்தினார். "சௌந்தர்யா, எங்கிருந்தாலும் வந்துரு கண்ணு."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேய்," என்றாள்.

அவள் அம்மாவின் பின்னாலேயே போனாள், நானும் போனேன். வீட்டு வாசற்படிக்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. செத்தவள் என்று அறிந்து அழைத்தால்தான் ஏற முடியும். உள்ளே அவளுக்கு வைத்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தாள். அதிலிருந்து நாற்பது நாள் என் அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று ஒன்றையே சொன்னாள். "எங்கம்மாகிட்டச் சொல்லுடா."

அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. கிணற்றில் கோழி எலும்புக்கு அடியில் தேடினால் கிடைப்பாள். அவள் கேட்டு நான் முடியாது என்று சொன்னவன் இல்லை. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அன்று நான் தள்ளிவிட்டதும் அவள் சாகவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு கயிறு போடச் சொன்னாள். கயிறு என் பக்கத்திலேயே கிடந்தது. சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போகவில்லை, சார். குரல் நிற்கிறவரை மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.