ஹீட்டரைப் பார்த்து நடித்த நாடகம்

இந்த நன்றிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இத்தனை நாள் என்னையும் தாங்கிக்கொண்ட நாடகக் குழுத் தலைவி பெவர்லி கூட்ஸ் அம்மையார் அவர்களே, ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து செய்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் ஹுவான் பள்ளத்தாக்குப் பெரியோர்களே, பூசணி சூப் ஊற்றிப் பிழைக்க வைத்த தாய்மார்களே, வணக்கம்.

நாற்புறமும் நீங்கள், நடுவிலே நாங்கள். திரை உண்டா? இல்லை. ஒளிய ஓரம் உண்டா? இல்லை. எந்நேரமும் யாரோ ஒருவருக்கு முதுகு. ஆகவே அசையுங்கள், திரும்புங்கள், சுழலுங்கள் என்று ஆறு வாரம் ஒத்திகையில் முழங்கினேன். முழங்கிய இயக்குநர் நான் எங்கே அமர்ந்திருந்தேன்? இந்தக் கிடங்கின் ஒரே ஹீட்டருக்குப் பக்கத்தில். சிரிக்காதீர்கள் ஐயா, ஜூலையில் குளிர்காலம் வரும் இந்த ஊரில் நீங்களும் அங்கேதான் இருந்திருப்பீர்கள்.

அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நொரீன் அம்மையார் ஒத்திகை பார்க்க வந்தார். படகோட்டியாக நடித்த நம் க்ளைவின் மனைவி. அறுபத்தெட்டு வயதில் கணவர் ஏறும் முதல் மேடை. அம்மையாரின் சக்கர நாற்காலி நிற்க இடமிருப்பதோ சாய்தளக் கதவருகே மட்டும், எனக்கு நேர் எதிரே. முடிந்ததும், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"குரல் நல்லா இருந்துச்சுப்பா. நாப்பது வருஷமா பார்த்த முதுகை இங்கயும் வந்து பார்க்கணுமா? மூஞ்சி எப்ப வரும்?"

க்ளைவ் விழித்தார். "மாறன் சொன்ன இடத்துலதானே நிக்கிறேன், நொரீன்."

"மாறன் சொல்லல. ஹீட்டர் சொன்ன இடத்துல நிக்கிற."

உண்மை, அவையோரே. குளிருக்கு ஒதுங்கி ஒதுங்கி, காட்சிக்குக் காட்சி நாடகமே என் பக்கம் சாய்ந்திருந்தது. வெட்கப்பட்டேன். ஹீட்டரை அணைத்தேன். நடிகர்கள் நிற்கத் தரையில் ஒட்டிய குறிகளைப் பிய்த்தேன். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாற்புறமும் அலைந்தேன். இறுதி வசனத்தில் க்ளைவ் ஒரு முழுச் சுற்று நடந்து எல்லோருக்கும் முகம் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நொரீன் அம்மையார் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.

முதல் நாள் ஆட்டம். க்ளைவ் சுற்றத் தொடங்கினார். சாய்தளக் கதவுக்கு நேரே வந்தார், நின்றார். நின்றவர் நின்றவரே. நட க்ளைவ், நட என்று பல்லைக் கடித்தேன். அசையவில்லை. "ரொம்ப நாள் தண்ணியிலயே கிடந்துட்டேன். கரையில யாரு காத்திருந்தான்னு இப்பத்தான் பார்க்கிறேன்" என்று முழு வசனத்தையும் அங்கேயே நின்று சொன்னார்.

மூன்று பக்கத்துக்கும் முதுகுதான் தெரிந்தது. ஒருவராவது முணுமுணுத்தீர்களா? எழுந்து போனீர்களா? இல்லை. ஏன்? க்ளைவின் தோளுக்கு அப்பால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நொரீன் அம்மையாரின் முகம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட நல்ல காட்சியை நான் அமைத்ததே இல்லை.

முகம் கண்டவர்களுக்கும், முதுகு பொறுத்தவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.